பேரோவா, பேறோவா? தொடக்கப் பள்ளியில் ஸ்பானிஷ்: கேள்வி – பதில்

தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஸ்பானிஷ் சொற்களைத் தமிழெழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். நாக்கு ஒரே முறை தட்டும் ஒலிக்கு ‘ர’, நாக்கு அதிரும் ஒலிக்கு ‘ற’. இந்த எழுத்துக்கூட்டல் உங்களுக்காக மட்டும். குழந்தையின் நோட்டுக்கு இது போகக்கூடாது. ஏன் என்பதை மூன்றாவது கேள்வியில் பாருங்கள்.

கேள்வி: மூன்றாம் வகுப்பில் 28 குழந்தைகள். வாரத்தில் இரண்டு பாடவேளை, தலா 30 நிமிடம். புத்தகத்தைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து போனால் பத்தாவது நிமிடமே வகுப்பு கையைவிட்டுப் போய்விடுகிறது. 30 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது?

பதில்: முதலில் கால அட்டவணை போடுகிறவரிடம் ஒன்று கேட்டுப்பாருங்கள். அதே 60 நிமிடத்தை 15 நிமிடமாக நான்கு நாளைக்குப் பிரித்துத் தர முடியுமா? முடிந்தால் உங்கள் சிக்கலில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். இந்த வயதில் மறதிக்கு மருந்து, மறப்பதற்குள் மறுபடி கேட்பதுதான். நான்கு நாள் இடைவெளி விழுந்தால் ஒவ்வொரு முறையும் பிள்ளையார் சுழியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

முடியாது என்றால், 30 நிமிடத்தை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதல் 3 நிமிடம் வணக்கம், இன்று என்ன கிழமை, எப்படி இருக்கிறாய். இது ஆண்டு முழுக்க ஒரே வரிசையில், ஒரே வாக்கியங்களில் நடக்க வேண்டும். அலுப்பு உங்களுக்குத்தான், அவர்களுக்கு அது பிடிமானம். அடுத்த 5 நிமிடம் பழைய சொற்கள். பிறகு 7 நிமிடம் புதிய சொற்கள், 8 நிமிடம் இரண்டிரண்டு பேராக விளையாட்டு, 5 நிமிடம் வரைவதும் பார்த்து எழுதுவதும். கடைசி 2 நிமிடம் வாசலில்: வெளியே போகும்போது ஆளுக்கு ஒரு சொல் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

புதிய சொல் ஒரு வகுப்பில் ஆறு. எட்டுக்கு மேல் போகவே வேண்டாம். சொற்பட்டியல் 20 சொல்லோடு இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். ஆண்டு முடிவில் 150 சொல் தயங்காமல் வாயில் வந்தால் அது நல்ல வகுப்பு.

அந்த 7 நிமிடத்தில்தான் பெரும்பாலான வகுப்புகள் சறுக்குகின்றன. படத்தைக் காட்டி, ஒரு முறை சொல்லி, உடனே ‘கே எஸ்?’ (இது என்ன?) என்று கேட்டுவிடுகிறோம். நான்கு பேர் கத்துகிறார்கள், 24 பேர் வாயசைக்கிறார்கள். நடுவில் ஏறவேண்டிய படிகளை விட்டுவிட்டதால் வருவது இது. வரிசை இதுதான்:

முதலில் நீங்கள் மட்டும் சொல்லுங்கள்; மெதுவாக, ரகசியக் குரலில், கோபக் குரலில் என்று மூன்று விதமாக. குழந்தைகள் திருப்பிச் சொல்ல வேண்டாம். அடுத்து அவர்கள் கையால் பதில் சொல்லட்டும்: நீங்கள் ‘புவேர்த்தா’ என்றால் கதவைக் காட்ட வேண்டும், ‘ஸீயா’ என்றால் நாற்காலியைத் தொட வேண்டும். சொன்னதை உடம்பால் செய்துகாட்டும் இந்த முறையை 1960களில் வடிவமைத்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர். சின்னக் குழந்தைகளுக்கு இன்றும் இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. மூன்றாவது, ஆம்–இல்லைக் கேள்வி: ‘எஸ் உன் காத்தோ?’ (இது பூனையா?) ‘ஸீ’ அல்லது ‘நோ’ போதும். நான்காவது, இரண்டில் ஒன்று: ‘உன் காத்தோ ஓ உன் பேறோ?’ (பூனையா, நாயா?) விடை கேள்வியிலேயே இருக்கிறது, எடுத்துச் சொன்னால் போதும். இவ்வளவுக்கும் பிறகுதான் ‘கே எஸ்?’

ஒரு படியில் பாதி வகுப்பு தடுமாறினால் கீழ்ப்படிக்கு இறங்குங்கள். குரலை உயர்த்துவதால் சொல் நினைவுக்கு வராது.

கேள்வி: குழந்தைகள் ஸ்பானிஷை ஆங்கிலம் மாதிரியே படிக்கிறார்கள். ‘ஓலா’ என்பது ‘ஹோலா’ ஆகிறது, ‘லேச்சே’ (பால்) ‘லீச்’ ஆகிறது, பதினொன்றைக் குறிக்கும் ‘ஓன்ஸே’ ‘வன்ஸ்’ ஆகிறது. திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது.

பதில்: எழுத்தைச் சீக்கிரம் காட்டிவிட்டீர்கள். கண் பார்த்தவுடன் ஆங்கிலப் பழக்கம் முந்திக்கொள்ளும். முதல் ஆறு முதல் எட்டு வாரம் வரை படமும் ஒலியும் மட்டும் போதும். சொல் காதில் நன்றாகப் பதிந்த பிறகு எழுத்தைக் காட்டினால், குழந்தை எழுத்தைப் பார்த்துத் தனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒலியைத் தேடும்.

இன்னொன்று: ஒலி சொல்லிக்கொடுக்கும்போது ஆங்கிலத்தைத் துணைக்குக் கூப்பிடாதீர்கள். தமிழ்க் குழந்தையின் வாயில் ஸ்பானிஷ் ஒலிகளில் முக்கால்வாசி தயாராகவே இருக்கிறது. ஆங்கிலம் வழியாகப் போனால்தான் அது கெடுகிறது.

முதல் பலி ‘த’. ஆங்கில டீ (T) எழுத்தை ‘ட’ என்று படித்துப் பழகியவர்கள் ஸ்பானிஷிலும் ‘டொமாட்டே’ என்பார்கள். ஸ்பானிஷில் நாக்கு பல்லைத் தொட வேண்டும்: ‘தோமாத்தே’. மூன்று ‘த்ரெஸ்’, நீ ‘தூ’. டகரம் ஸ்பானிஷில் இல்லவே இல்லை என்று முதல் நாளே வகுப்பில் அறிவித்துவிடுங்கள். ண, ள, ழ மூன்றுக்கும் கூட விடுமுறை. ‘ஞ’ மட்டும் நமக்குப் பழைய நண்பன்: ‘என்’ (N) எழுத்தின் தலையில் அலைக்கோடு இருந்தால் அது ஞகரம்.

அடுத்தது தமிழாசிரியர்களுக்கே வியப்பாக இருக்கும். ‘கோபம்’, ‘பாதம்’, ‘பாகம்’ என்று சொல்லிப்பாருங்கள். நடுவில் வரும் ப, த, க மூன்றும் உரசினாற்போல மென்மையாக ஒலிக்கின்றன. இப்போது ‘கொம்பு’, ‘பந்து’, ‘பங்கு’. மெல்லினத்துக்குப் பின்னால் அதே எழுத்துகள் அழுத்தமாக ஒலிக்கின்றன. ஸ்பானிஷின் பீ (B), டீ (D), ஜீ (G) (உதடு, பல், அண்ணத்தின் பின்பகுதி என்று மூன்று இடத்து அதிர்வொலிகள், அதாவது தொண்டை அதிரும் ஒலிகள்) நடந்துகொள்வது ஏறக்குறைய இதே மாதிரிதான்: ‘லோபோ’ (ஓநாய்), ‘நாதா’ (ஒன்றுமில்லை), ‘லாகோ’ (ஏரி) மூன்றிலும் மென்மை, ‘தம்போர்’ (முரசு), ‘தோந்தே’ (எங்கே), ‘தேங்கோ’ (என்னிடம் இருக்கிறது) மூன்றிலும் அழுத்தம். பிற மொழிக்காரர்கள் பயிற்சி எடுத்துப் பழகுவது நம் குழந்தைக்குச் சும்மா வருகிறது. வீ (V) எழுத்துக்கும் பீ (B) எழுத்துக்கும் ஸ்பானிஷில் ஒரே ஒலிதான். உதட்டைக் கடித்துச் சொல்லும் வகரத்தைச் சொல்லித்தர வேண்டாம்.

இந்த வரத்தோடு ஒரு வம்பும் கூடவே வருகிறது. மெல்லினத்துக்குப் பின் தானாகவே அதிர்வொலி வந்துவிடும் பழக்கம், ஐந்தைக் குறிக்கும் ‘ஸின்க்கோ’வை ‘ஸிங்கோ’ ஆக்கிவிடும். ஜன்னலைக் குறிக்கும் ‘பென்த்தானா’வை ‘பெந்தானா’ ஆக்கிவிடும். இதை ‘உச்சரிப்பு சரியில்லை’ என்று பொதுவாகச் சொன்னால் குழந்தைக்குப் புரியாது. ‘ஸின்’ என்று நிறுத்தி, மூச்சு விட்டு, ‘க்கோ’ என்று சொல்லவைத்து, இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஐந்தாறு தடவையில் வந்துவிடும். அதே போல ‘காத்தோ’ (பூனை) சொல்லும்போது ‘பாட்டி’யில் ட்டவை அழுத்துகிற மாதிரி த்தவை அழுத்தக்கூடாது, ‘அங்க பாத்தா’ என்று பேச்சில் நழுவவிடுகிறோமே, அந்த அளவு போதும்.

எழுத்துகளைக் காட்டத் தொடங்கும்போது வாரத்துக்கு ஒரு குழு. முதல் வாரம் ஐந்து உயிர்கள்: அ, எ, இ, ஒ, உ. எங்கே வந்தாலும் இதே ஒலி. கடைசியில் வரும் எகரமும் வாய்விட்டு ஒலிக்கும், அதனால்தான் ‘லேச்சே’. இரண்டாம் வாரம் ஒலிக்காத ஹெச்சும், ஹகரமாக ஒலிக்கும் ஜேயும். மூன்றாம் வாரம் இரட்டை எல்: ‘ய’ போல. நான்காம் வாரம் கியூவும் யூவும் சேர்ந்தால் வெறும் ‘க’: ‘கே’, ‘கியென்’. சீ எழுத்தை மட்டும் கடைசிக்குத் தள்ளுங்கள். எ, இ முன்னால் ‘ஸ’, மற்ற இடத்தில் ‘க’ என்று அது இரட்டை வேடம் போடும். ‘ஸின்க்கோ’ ஒரே சொல்லில் இரண்டும் இருக்கிறது, அதையே எடுத்துக்காட்டாக வையுங்கள்.

ஒரு சின்ன ஆறுதல்: ‘இஸ்கூல்’ என்று சொல்கிற குழந்தையை மற்ற வகுப்பில் கேலி செய்வார்கள். ஸ்பானிஷில் சொல் ‘ஸ்க’, ‘ஸ்த’ என்று தொடங்கவே தொடங்காது. முன்னால் ஓர் உயிர் வந்தே தீரும். பள்ளி ‘எஸ்குவேலா’, மாணவர் ‘எஸ்துதியான்தே’. அந்தக் குழந்தை இங்கே முதல் மதிப்பெண்.

கேள்வி: வீட்டில் படிக்க வசதியாக இருக்கட்டும் என்று சொற்களுக்குக் கீழே தமிழில் எழுதித் தருகிறோம். பள்ளியில் வேண்டாம் என்கிறார்கள். என்ன தவறு?

பதில்: பள்ளி சொல்வது சரி. தமிழெழுத்தில் ‘பேஸோ’ என்று எழுதுங்கள். அது எடையா, முத்தமா? ஸ்பானிஷில் இரண்டும் தனித்தனிச் சொல். ஒன்று அதிராத பகரத்தில் தொடங்குகிறது, மற்றொன்று அதிரும் பகரத்தில். நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ‘ப’. இன்னொரு இழப்பு சொல்லழுத்தம். ‘ஆப்லோ’வில் முதல் அசையை அழுத்தினால் ‘பேசுகிறேன்’, கடைசி அசையை அழுத்தினால் ‘அவர் பேசினார்’. ‘பாப்பா’வில் கடைசி அசை அழுத்தம் பெற்றால் அப்பா; முதல் அசை அழுத்தம் பெற்றால் லத்தீன் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு.

எழுதித் தருவதற்குப் பதிலாக ஆசிரியரிடம் ஆறு சொற்களின் ஒலிப்பதிவை வாங்கிக்கொள்ளுங்கள். 40 விநாடிக்கு மேல் ஆகாது. அழுத்தத்துக்குக் கைதட்டல்: எல்லா அசைக்கும் மேசையில் விரலால் தட்டல், அழுத்தமான அசைக்கு மட்டும் கைதட்டல். விதி எளிது. சொல் உயிரிலோ, என், எஸ் எழுத்திலோ முடிந்தால் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம். வேறு எழுத்தில் முடிந்தால் கடைசி அசையில். இந்த விதியை மீறுகிற சொல்லுக்கு உயிரின் மேல் சாய்கோடு போட்டிருக்கும். இதை எட்டு வயதுக்குக் கீழே விதியாகச் சொல்ல வேண்டாம், கைதட்டினால் போதும்.

கேள்வி: முதல் வகுப்புக் குழந்தைக்கு ‘பேறோ’ வரவில்லை. அதிரும் ஒலியை எப்படிக் கொண்டுவருவது?

பதில்: ஸ்பானிஷைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளுக்கே இந்த ஒலி கடைசியில்தான் வந்து சேரும், ஆறு, ஏழு வயதுவரை தடுமாறுகிறவர்கள் அங்கேயும் உண்டு. அவசரம் வேண்டாம்.

கரி, கறி இரண்டையும் பேச்சில் பிரித்துச் சொல்கிற வீட்டுக் குழந்தைக்குப் பாதி வேலை முடிந்தது: ‘பேரோ’ (ஆனால்) கரியின் ர, ‘பேறோ’ (நாய்) கறியின் றகரத்தை இன்னும் கொஞ்சம் உருட்டியது. இரண்டும் ஒன்றாகிவிட்ட பேச்சுள்ள குழந்தையிடம் வண்டி எஞ்சின் விளையாட்டு ஆடுங்கள். நாக்கு நுனி மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால் தளர்வாக இருக்க வேண்டும், மூச்சு வேகமாக வர வேண்டும். நாக்கை இறுக்கினால் அதிராது. பெரும்பாலோர் செய்யும் பிழை அதுதான். ‘த்ர, த்ர, த்ர’ என்று தொடங்கி ‘த்ரென்’ (ரயில்) என்று நீட்டலாம். ஒரு நாளைக்கு ஒரு நிமிடம், அதற்கு மேல் தொண்டைதான் வலிக்கும்.

அதுவரை காது வேலை செய்யட்டும். நீங்கள் ‘பேரோ’ என்றால் சும்மா நிற்க வேண்டும், ‘பேறோ’ என்றால் குரைக்க வேண்டும். சொல்ல வராத குழந்தையும் இதில் ஜெயிக்கும்.

கேள்வி: ‘மேசை எப்படிப் பெண்பால் ஆகும்?’ என்று ஒரு மாணவி கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில்: கேட்டவள் தமிழ் இலக்கணப்படி சரியாகக் கேட்டிருக்கிறாள். நமக்கு மேசை அஃறிணை. பொருளைப் பார்த்துப் பால் சொல்கிறோம். ஸ்பானிஷில் சொல்லைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். மேசைக்குப் பெண் தன்மை எதுவும் கிடையாது. ‘மேஸா’ என்ற சொல் ‘லா’ குழுவில் இருக்கிறது, அவ்வளவுதான். குழந்தைகளிடம் ஆண்பால், பெண்பால் என்ற பெயரே வேண்டாம். ‘எல் வீடு’, ‘லா வீடு’ என்று இரண்டு வீடு வரைந்து சொற்களைக் குடிவையுங்கள். வண்ணம் கொடுக்கும்போது நீலமும் இளஞ்சிவப்பும் வேண்டாம், மறுபடியும் பையன்–பெண் பேச்சு வந்துவிடும். பச்சையும் ஆரஞ்சும் நல்லது.

பிழையின் வேர் பெரும்பாலும் நாம் தரும் சொற்பட்டியல். ‘மேஸா, லிப்ரோ, லாப்பிஸ்’ என்று வெறுஞ்சொல்லாக அச்சடித்துக் கொடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து எந்தக் குழு என்று கேட்டால் குழந்தை எங்கே போகும்? முதல் நாளிலிருந்தே ‘லா மேஸா’, ‘எல் லிப்ரோ’, ‘எல் லாப்பிஸ்’ என்று ஒட்டியே சொல்லுங்கள். ஓகாரத்தில் முடிந்தால் எல், ஆகாரத்தில் முடிந்தால் லா என்ற விதியை அவர்களே ஒருநாள் கண்டுபிடித்துச் சொல்வார்கள். அன்றைக்கு ‘லா மானோ’ (கை), ‘எல் தீயா’ (நாள்), ‘எல் மாப்பா’ (வரைபடம்) மூன்றையும் எடுத்து வீசுங்கள். விதியைக் கண்டுபிடித்தவர்கள் விலக்கை மறக்க மாட்டார்கள்.

நிறங்களோடு சேர்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நமக்குக் கறுப்புப் பூனை, கறுப்பு மேசை, பெயரடை மாறாது. அங்கே ‘எல் காத்தோ நேக்ரோ’, ‘லா மேஸா நேக்ரா’. நிறம் பின்னால் வரும், குழுவுக்கு ஏற்ப வாலும் மாறும். மாறாத நிறங்களான ‘வேர்தே’ (பச்சை), ‘அஸூல்’ (நீலம்) இரண்டிலும் தொடங்கி, பிறகு ‘ரோஹோ–ரோஹா’ (சிவப்பு) போனால் நெருடாது. இந்த ‘ரோ’ சொல்லின் முதலில் வருவதால் எழுத்து ஒன்றே ஆனாலும் அதிர்ந்தே ஒலிக்கும்.

கேள்வி: ‘எனக்குப் பிடிக்கும்’ என்பதற்கு ‘யோ குஸ்தோ’ என்று எழுதுகிறார்கள். வயதுக்கு ‘ஸோய் ஓச்சோ’ என்கிறார்கள். இலக்கணம் நடத்தினால் திருந்துமா?

பதில்: இரண்டுமே ஆங்கில வாக்கியத்தை மனத்தில் வைத்து மொழிபெயர்த்ததால் வந்த பிழை. தமிழில் யோசிக்கச் சொல்லுங்கள். ‘நான் புத்தகத்தைப் பிடிக்கிறேன்’ என்றால் கையில் பிடிப்பது. விருப்பத்துக்கு ‘எனக்குப் பிடிக்கும்’ என்கிறோம். ‘மே குஸ்தா’வும் அப்படியே: மே என்றால் எனக்கு, தே உனக்கு, லே அவருக்கு. ‘மே குஸ்தா எல் லிப்ரோ’, எனக்குப் புத்தகம் பிடிக்கும். ஒரே ஒரு வேறுபாடு: பிடிக்கிற பொருள் பலவானால் வினை மாறும், ‘மே குஸ்தான் லோஸ் லிப்ரோஸ்’. தமிழில் ‘பிடிக்கும்’ மாறாததால் குழந்தைகள் இங்கே விழுவார்கள். ஒரு படம், பல படம் என்று மாற்றி மாற்றிக் காட்டிப் பயிற்சி கொடுங்கள்.

வயதுக்கு ‘தேங்கோ ஓச்சோ ஆஞோஸ்’: எட்டு ஆண்டுகள் என்னிடம் இருக்கின்றன. பசிக்கும் ‘தேங்கோ ஆம்ப்ரே’தான். இங்கே தமிழும் ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறது: எனக்கு எட்டு வயது, எனக்குப் பசி, எனக்கு இரண்டு தங்கை, எனக்குப் பிடிக்கும் என்று எல்லாவற்றுக்கும் ‘எனக்கு’ என்பதால் ‘மே தேங்கோ’ என்று ஒரு புதுச் சரக்கு பிறக்கும். பிடிப்பதற்கு மட்டும் மே, இருப்பதற்குத் தேங்கோ என்று இரண்டு சைகை வைத்துக்கொள்ளுங்கள்: பிடிப்பதற்கு நெஞ்சில் கை, இருப்பதற்கு மூடிய கை. ‘ஆஞோஸ்’ எழுதும்போது அலைக்கோட்டை மறக்கவே கூடாது. மறந்தால் அது ஆண்டைக் குறிக்காது, உடம்பின் பின்பக்கத்தில் சொல்லக்கூடாத இடத்தைக் குறிக்கும். கரும்பலகையில் இந்தப் பிழை ஆசிரியர் கையாலேயே நடப்பதுண்டு.

‘ஸோய்’, ‘எஸ்தோய்’ குழப்பத்துக்கும் தமிழ் கைகொடுக்கும். ‘நான் ஆசிரியர்’ என்பதில் ‘இரு’ என்ற வினை இல்லை, அங்கே ஸோய். ‘வீட்டில் இருக்கிறேன்’, ‘களைப்பாக இருக்கிறேன்’ என்று ‘இரு’ வந்தால் எஸ்தோய். முக்கால்வாசி இடத்தில் இது சரியாக வரும். ‘வீடு பெரிதாக இருக்கிறது’ போன்ற இடத்தில் கைவிட்டுவிடும்; அங்கே நிலையான தன்மை என்பதால் ‘லா காஸா எஸ் க்ராந்தே’. தொடக்கப் பள்ளியில் அந்த விலக்கை விளக்க வேண்டாம், வாக்கியமாகவே பழக்குங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். ‘படிக்கிறேன்’ என்றாலே நான் என்பது அடங்கிவிடுகிறது. ‘லேயோ’வும் அப்படித்தான். வாக்கியத்துக்கு வாக்கியம் ‘யோ’ போட்டால் ‘நான்தான், நான்தான்’ என்று மார்தட்டுவது போல இருக்கும்.

கேள்வி: 1 முதல் 20 வரை பாட்டாகப் பாடுகிறார்கள். நடுவில் 14 என்று எழுதிக் காட்டினால் ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறார்கள்.

பதில்: பாட்டில் கற்ற எண் கயிற்றில் கட்டிய மணி மாதிரி, ஒன்றை இழுத்தால் எல்லாம் வரும். கயிற்றை அறுக்க வேண்டும். 20லிருந்து கீழ்நோக்கி எண்ணுங்கள், இரட்டைப்படை மட்டும் சொல்லுங்கள், நீங்கள் ஒரு எண் சொன்னால் அதற்கு அடுத்ததை அவர்கள் சொல்லட்டும். பிறகு ஒன்பது கட்டம் கொண்ட பிங்கோ தாள். 1 முதல் 20 வரை அவரவர் விருப்பப்படி ஒன்பது எண்களை நிரப்பிக்கொள்வார்கள். 20 எண்ணையும் அழைக்கும்வரை இழுக்காமல், முதலில் மூன்று வரிசையாக அடித்தவர் வெற்றி என்று வையுங்கள். நான்கு நிமிடத்தில் ஒரு ஆட்டம் முடியும். அடித்த எண்களை வெற்றி பெற்றவர் ஸ்பானிஷில் படித்துக்காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வெறும் காதுப் பயிற்சியாகவே நின்றுவிடும்.

எது குழப்பும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: ‘தோஸ்’ (2) – ‘தோஸே’ (12), ‘த்ரெஸ்’ (3) – ‘த்ரேஸே’ (13), ‘ஸெய்ஸ்’ (6) – ‘ஸியேத்தே’ (7). பெரிய வகுப்பில் இதே கடைசி ஜோடி ‘ஸெஸேன்தா’ (60), ‘ஸெத்தேன்தா’ (70) என்று திரும்ப வரும். 11 முதல் 15 வரை தனிச்சொற்கள், மனப்பாடம்தான். 16லிருந்து நம் ‘பதினாறு’ போலவே பத்தும் ஆறும் ஒட்டிக்கொள்கின்றன: ‘தியெஸிஸெய்ஸ்’.

கேள்வி: ஸ்பெயின் ஸ்பானிஷா, லத்தீன் அமெரிக்க ஸ்பானிஷா? எதைச் சொல்லித்தருவது?

பதில்: உங்களுக்கு எது வருமோ அது. இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி. ஸ்பெயினின் பெரும்பகுதியில் ஐந்தின் முதல் ஒலியை நாக்கைப் பற்களுக்கிடையே வைத்துச் சொல்வார்கள். தென் ஸ்பெயினின் பல இடங்களிலும் லத்தீன் அமெரிக்கா முழுவதும் அது வெறும் ‘ஸ’. குழந்தைகளுக்கு ஸகரம் எளிது.

வகுப்பில் தினமும் இடிக்கிற வேறுபாடு கட்டளை. ஒரு குழந்தையிடம் ‘மீரா’ (பார்), ‘எஸ்கூச்சா’ (கேள்), ‘ஸியென்த்தத்தே’ (உட்கார்). வகுப்பு முழுவதையும் பார்த்துச் சொல்லும்போது லத்தீன் அமெரிக்க வழக்கில் ‘மீரென்’, ‘எஸ்கூச்சென்’, ‘ஸியென்த்தென்ஸே’. ஸ்பெயினில் ‘மிராத்’, ‘எஸ்குச்சாத்’ என்று வேறு வடிவம். மீரென் என்பது ‘பாருங்கள்’ மாதிரிப் பன்மை, ஆனால் அங்கே மரியாதைப் பொருள் கட்டாயமில்லை. உங்கள் ஸ்பானிஷ் சரளமாக இல்லை என்ற தயக்கம் இருந்தால், இப்படி 40 கட்டளைகளைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும்படி வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கப் பள்ளி வகுப்பு ஓடுவதற்கு அது போதும். பாடம் நடத்தும் வாக்கியத்தைத் தமிழில் சொல்வதில் குற்றமில்லை. ‘உட்கார், திற, கொடு’ மட்டும் தமிழில் வரவே கூடாது.

கேள்வி: மதிப்பெண் அட்டையில் ஸ்பானிஷுக்கும் மதிப்பெண் போட வேண்டும். எழுத்துத் தேர்வு வைக்கலாமா?

பதில்: எழுத்துத் தேர்வு வைத்தால் எழுத்துக்கூட்டத் தெரிந்தவருக்கு மதிப்பெண் விழும், பேசத் தெரிந்தவருக்கு விழாது. ஆளுக்கு 2 நிமிட வாய்மொழி வையுங்கள்: பெயரும் வயதும் சொல்லுதல், மூன்று கட்டளைக்கு நடத்தல், படத்தில் ஐந்து பொருள், பிடித்த ஒன்று பிடிக்காத ஒன்று, உங்களை ஒரு கேள்வி கேட்டல். கடைசியை விட்டுவிடாதீர்கள். ஆண்டு முழுக்கப் பதில் மட்டுமே சொல்லிப் பழகிய குழந்தைக்குக் கேட்கத் தெரியாது. 28 பேரையும் ஒரே நாளில் முடிக்க முயலாமல், மற்றவர்கள் படம் வரையும் நேரத்தில் நாளுக்கு நான்கு பேராக ஏழு வகுப்பில் முடிக்கலாம்.

வெளித்தேர்வு பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஸ்பெயின் அரசு 1991இல் தொடங்கிய செர்வாந்தஸ் நிறுவனத்தின் டெலே (ஸ்பானிஷ் மொழித்திறன்) தேர்வில் பள்ளி மாணவர்களுக்கென்று உள்ள வடிவம் 11 முதல் 17 வயதினருக்கானது. ஏழு வயதுக் குழந்தையை அதற்குத் தயாரிப்பதாக யாராவது கட்டணம் கேட்டால், கொஞ்சம் யோசியுங்கள்.

கேள்வி: எங்களுக்கு ஸ்பானிஷ் ஒரு சொல்லும் தெரியாது. வீட்டில் என்ன உதவி செய்ய முடியும்?

பதில்: தெரியாதது நல்லதுதான். குழந்தை ஆசிரியராகவும் நீங்கள் மாணவராகவும் இருங்கள், ஐந்து நிமிடம். வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுங்கள். திருத்தும் ஆசையில் அது பத்து முறை சொல்லும். விருந்தாளி முன்னால் நிற்கவைத்து ‘எங்கே, ஸ்பானிஷில் ஏதாவது பேசு’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘ஏதாவது’ என்றால் யாருக்குமே ஒன்றும் வராது.

கேள்வி: கேள்விக்குறியை ஏன் தலைகீழாக முன்னாலும் போடுகிறார்கள்? என் மகன் தினமும் மறக்கிறான்.

பதில்: ‘தியேனெஸ் உன் லாப்பிஸ்’ என்றால் உன்னிடம் பென்சில் இருக்கிறது. ‘உன்னிடம் பென்சில் இருக்கிறதா?’ என்பதற்கும் அதே சொற்கள், அதே வரிசை. குரல் மட்டும் மேலே ஏறும். நமக்கு ‘ஆ’ என்ற விகுதி கேள்வியைக் காட்டிவிடுகிறது, அங்கே அது இல்லை. வாய்விட்டுப் படிக்கிறவர் எங்கே குரலை ஏற்றத் தொடங்குவது என்று முன்பே தெரிவதற்காக, 1754இல் ஸ்பானிஷ் அகாடமி தன் எழுத்திலக்கண நூலில் முன்குறியைக் கொண்டுவந்தது. மகனிடம் குறியை முதலில் எழுதிவிட்டு, பிறகு வாக்கியத்தை எழுதச் சொல்லுங்கள். புள்ளி மேலே, கொக்கி கீழே. கொக்கியின் வால் கோட்டுக்குக் கீழே கொஞ்சம் இறங்கலாம்.